நீர்நாய் அண்ணி

"இது என்னம்மா, செடிக்குப் போடற உரமா?" என்று அம்மா கேட்டாள்.

அண்ணன் கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம் அது. ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்த அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன உறைகள். ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஏதோ ஒன்று உறைந்து கிடந்தது.

அண்ணி அப்போதுதான் தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறைக்குள் வந்தார். டப்பாவைப் பார்த்ததும் துவட்டுவது நின்றுவிட்டது.

"உரம் இல்லங்க அத்தை."

"பின்ன?"

"சாம்பிள்."

"எதோட சாம்பிள்?"

"நீர்நாயோடது."

"நீர்நாயோட என்னது?"

அண்ணி உதவி கேட்பதுபோல என்னைப் பார்த்தார். எங்களுக்குள் அப்போது அவ்வளவாகப் பேச்சு கிடையாது. நான் வேகமாகச் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"எச்சம்ங்க அத்தை."

அம்மா டப்பாவைக் கீழே போட்டுவிடவில்லை. அதை இன்றைக்கும் அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். கையை மட்டும் உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டாள்.

"என் ஃப்ரீசர்ல."

"லேப்ல ஃப்ரீசர் ரிப்பேர் அத்தை. அவங்க சரி பண்ற வரைக்கும்னுதான்... ஒவ்வொண்ணுக்கும் மூணு உறை போட்டிருக்கேன். வாசனை வராது."

"வந்திருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேனே. எப்பலேர்ந்து இருக்கு?"

"கல்யாணத்துக்கு மறுநாள்லேர்ந்து."

"அடப்பாவி!" இது அண்ணிக்கு இல்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த அண்ணனுக்கு. "உனக்குத் தெரியுமாடா?"

"நான்தாம்மா வச்சேன். அவ வேணாம்னுதான் சொன்னா. எங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நான்தான் தைரியம் சொன்னேன்."

"சொல்லுவடா. நீ ஏன் சொல்ல மாட்ட!"

கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா குரல் கொடுத்தார். "அந்த ஃப்ரீசர் ஐஸைப் போட்டா நேத்து எனக்கு ஜூஸ் குடுத்த?"

"ஆமா. ரெண்டு கிளாஸ் குடிச்சீங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் அப்பா.

முதலில் சிரித்தது அம்மாதான். அவள் சிரித்த பிறகுதான் அண்ணி மூச்சு விட்டார். அம்மா டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திருப்தியில்லாமல் இன்னொரு முறையும் கழுவினாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

"கீழ் தட்டு உனக்கு. மேல் தட்டு எனக்கு. மூடி மேல செவப்பா எதையாவது ஒட்டி வை. வர்ற விருந்தாளி எவனாவது எடுத்துட்டான்னா நம்ம மானம் கப்பலேறிடும். ஆமா, நாயோடதுக்கா இத்தன மரியாதை?"

"நாய் இல்லங்க அத்தை. நீர்நாய். அது வேற குடும்பம்."

"குடும்பம் வேறயா இருக்கலாம். வேலை ஒண்ணுதானே?" என்று சொல்லிவிட்டு அம்மா ஐஸ் தட்டைக் கழுவப் போனாள்.

எங்கள் வீட்டில் நீர்நாய் குடிபுகுந்தது இப்படித்தான்.

அண்ணி வேலை பார்ப்பது ஒரு வனவிலங்கு ஆராய்ச்சி மையத்தில். பெயரைக் கேட்டதும் பெரிய வளாகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் நான்கு அறைகள், சாய்வான சாலையில் மட்டும் தானாகக் கிளம்பும் ஒரு ஜீப், கதவு சரியாக மூடாத ஒரு லேப். கீழே சாலையைப் பார்த்தபடி ஒரு கூடம். பொதுமக்களுக்காக அங்கே ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். சுவரில் அழிந்துவரும் உயிரினங்களின் படங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஆமை ஓடு, வெளுத்துப்போன ஒரு வரைபடம். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் பார்த்துவிட்டு, மழை விட்டதும் போய்விடுவார்கள்.

அண்ணியின் அப்பா பஸ் ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் மகளை முன் இருக்கையில் உட்காரவைத்துக் கூட்டிப்போவாராம். ஒருநாள் ஆற்றுப் பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றார்கள். கீழே தண்ணீரில் ஈரத் தலைகள் சில வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க," என்று அண்ணி என்னிடம் ஒருமுறை சொன்னார். "கீரின்னாங்க, பெரிய எலின்னாங்க. ஒருத்தர் முதலைக்குட்டின்னு சத்தியம் பண்ணாத குறை. அந்த ஆத்துத் தண்ணியத்தான் எல்லாரும் குடிக்கிறோம். அதுல இருக்கறவங்க பேரு ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு என்னவோ கோவம் கோவமா வந்துச்சு."

அந்தக் கோபத்தில் படித்து, அந்தக் கோபத்திலேயே வேலைக்கும் சேர்ந்தார் என்று அண்ணன் கேலி செய்வான். பார்க்கக் கோபக்காரர்போலத் தெரிய மாட்டார். கட்டையான உருவம், வேகமான நடை, எந்நேரமும் தரையைப் பார்க்கும் கண்கள். துணிக்கடைக்குப் போனாலும் தரையைத்தான் பார்த்து நடப்பார். "எதையாவது தொலைச்சிட்டீங்களா மேடம்?" என்று கடைக்காரர்கள் கூடவே குனிந்து தேடுவார்கள்.

ஊருக்குக் கீழே ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு தட்டையான பாறை உண்டு. அதற்கு எதிர்க்கரையில், பெரிய மரம் ஒன்றின் வேர்களுக்கு அடியில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று வளை வைத்திருந்தது. அப்பா, அம்மா, மூத்த பிள்ளைகள், அந்த வருஷத்துக் குட்டிகள் என்று கூட்டுக் குடும்பம். முன்பெல்லாம் ஆறு நெடுக இப்படி இருந்ததாம். மணல் போய், கரை மரங்கள் போய், இந்தப் பகுதியில் மிஞ்சியது இந்த ஒரு குடும்பம்தான். அதுவும் போய்விட்டால், இங்கே நீர்நாய் இருந்தது என்பதே வெறும் பேச்சாகிவிடும். அண்ணியின் ஆராய்ச்சியைச் சுற்றி எத்தனையோ பெரிய வார்த்தைகள் உண்டு. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தக் குடும்பம் அந்த வளைவை விட்டுப் போகக்கூடாது.

நீர்நாய்கள் கண்ட இடத்தில் அசிங்கம் செய்வதில்லை. குடும்பம் மொத்தமும் ஒரே பாறைக்குத்தான் வரும். "அது அவங்க வீட்டு வாசல்ல மாட்டற பேர்ப்பலகை மாதிரி," என்பார் அண்ணி. "இங்க நாங்க இருக்கோம், நல்லா சாப்பிடறோம், வேற யாரும் வராதீங்கன்னு அர்த்தம்." காலையில் அதை அள்ளிவந்து, பின்கட்டில் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசுவார். கறுப்புக் கரைந்து ஓடியதும் மீன் செதில், முள், நண்டு ஓட்டுத் துணுக்கு எல்லாம் மிஞ்சும். காயவைத்து லென்ஸில் பார்த்தால் எந்த மீன் என்று தெரிந்துவிடும். சல்லடை கிழிந்த ஒருநாள் அவசரத்துக்கு எங்கள் டீ வடிகட்டியை எடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு நீலக் கைப்பிடி போட்ட வடிகட்டி ஒன்று பின்கட்டு ஆணியில் தனியாகத் தொங்குகிறது. அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. யாருக்கும் ஆசையும் இல்லை.

அந்த வளைவில் மீன் பிடிக்கிறவர்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. வலைக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நீர்நாய் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் கறுக்கும். நான் அண்ணியுடன் முதல்முறை ஆற்றுக்குப் போனபோது அவர் படகில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். பொறுக்க வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் அண்ணே. இன்னிக்கு நல்ல மீனு கிடைச்சுதா?"

"நல்ல மீனுக்கு முந்தியே உங்க ஆளுங்க வந்துட்டுப் போயிட்டாங்க. இதோ பாருங்க, ஜன்னல் மாதிரி ஓட்டை."

"அவங்க சாப்பிடறதுல பாதிக்கு மேல நீங்க வேணாம்னு தூக்கிப் போடற மீனுதான் அண்ணே. செதில் கொண்டாந்து காட்டினேன்ல?"

"காட்டினீங்க. எனக்கு வேணாத மீனையே தின்னட்டும், நான் கோச்சுக்கல. அதை என் வலைக்குள்ள வந்துதான் திங்கணுமா? ஆத்துல இடமே இல்லியா?"

"அது நியாயம்தான்," என்று சொல்லிவிட்டு அண்ணி பாறையில் ஏறிவிட்டார். வலைக்காரர் என்னிடம் திரும்பி, "உங்க அண்ணி நல்ல பொண்ணுதாம்மா. சேர்க்கைதான் சரியில்ல," என்றார்.

மறு வருஷம் மையத்தின் இயக்குநர் அண்ணியைக் கூப்பிட்டு, ஆராய்ச்சி மட்டும் போதாது, மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்றார். போஸ்டர் போடலாம் என்று முடிவானது. மையத்துக்குப் படம் வரைந்து தரும் ஓவியர் ஒருவர் இருந்தார். கல்யாண மேடை அலங்காரத்திலிருந்து பல் மருத்துவமனைச் சுவர் வரை எல்லாம் வரைகிறவர். அம்மா நீர்நாய் மல்லாந்து மிதக்க, அதன் வயிற்றின் மேல் குட்டி தூங்குவதுபோல வரைந்து கொண்டுவந்தார். கண்கள் மட்டும் நிஜத்தைவிட மூன்று மடங்கு பெரிசாக இருந்தன.

"கண்ணு இவ்வளவு பெருசு கிடையாது சார்," என்றார் அண்ணி.

"தெரியும் மேடம். சின்னக் கண்ணு போட்டா யாரும் மயங்க மாட்டாங்க."

"அதுவும் இந்த ஜாதி நீர்நாய் மல்லாந்து தூங்காது."

"அது தூங்காது. படம் பார்க்கறவங்களுக்குப் புடிக்கும்ல?"

அண்ணி மல்லாந்திருந்ததை நிமிர்த்தச் சொன்னார். கண்ணை விட்டுக்கொடுத்தார். கீழே எழுத வேண்டிய வாசகத்தை அவரே எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். "நம் ஆற்றின் வளைவில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. வந்து பாருங்கள்!" எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அப்பா இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்து, "கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருக்கு," என்று பாராட்டினார்.

பஸ் நிறுத்தம், பேக்கரி, முடிதிருத்தகம், பள்ளிக்கூடம் என்று போஸ்டர் போகாத இடம் இல்லை. ஊர் ஒரே வாரத்தில் நீர்நாய்ப் பைத்தியமானது. பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் முகமூடி செய்து மாட்டிக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் கேக்கின் மேல் மீசை வைத்தார். அண்ணி தெருவில் நடந்தால், "நீர்நாய் மேடம்!" என்று எதிர் மாடியிலிருந்து கையாட்டினார்கள். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பாலத்தின் மேல் கோபித்துக்கொண்டு நின்ற சின்னப் பெண்ணுக்கு, இத்தனை வருஷம் கழித்து ஊரே அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

போன் வேறு விடாமல் வந்தது. ஒருமுறை நான் எடுத்தேன்.

"நீர்நாய் ஆபீஸா?"

"வீடுங்க. சொல்லுங்க."

"ஒரு குட்டி கிடைக்குமா? பிள்ளைங்க ரொம்ப அடம் புடிக்குது. அபார்ட்மெண்ட்தான், ஆனா பாத்டப் இருக்கு."

போனை அண்ணியிடம் கொடுத்தேன். வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்தார். அப்போது சிரித்தோம். அடுத்தடுத்து அதேபோல போன் வந்தபோது சிரிப்புக் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வளைவில் கூட்டம் கூடியது. மடக்கு நாற்காலி, பிளாஸ்க், பிஸ்கட் பாக்கெட்டோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். யாரும் கல்லெறியவில்லை, கத்தவில்லை. ஆசையாகப் பிஸ்கட்தான் எறிந்தார்கள். குழந்தைகள் பாறையில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே பார்க்க ஆசைப்பட்டவர்கள் அக்கரைக்கே போய் வேர்களுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

நீர்நாய்களைப் படம் பிடிக்க வளைவில் ஒரு மரத்தில் கட்டியிருந்த தானியங்கிக் கேமராவை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். முன்பு ஈரமான முதுகுகளும் வால்களும் வந்த இடத்தில் இப்போது கால்கள். ஷூ போட்ட கால்கள், செருப்புக் கால்கள், லென்ஸுக்கு மிக அருகில் நாக்கை நீட்டும் ஒரு முகம். நீர்நாய் ஒன்றுகூட இல்லை. மறுநாள் பாறையில் எச்சம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பழையது காய்ந்து, வெளுத்து, உதிர்ந்துகொண்டிருந்தது. வேருக்கடியில் வளையின் வாய் மண் சரிந்து பாதி மூடிக் கிடந்தது.

வலைக்காரர் படகிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், பொறுக்க ஒண்ணும் இல்லியா?"

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார்.

"நானும் எங்கப்பா காலத்துலேர்ந்து விரட்டறேன். தகரத்த தட்டிப் பார்த்தேன், பட்டாசு கொளுத்திப் பார்த்தேன். ஒரு அடி நகரல. நீங்க ஒரே ஒரு படம் ஒட்டினீங்க. குடும்பத்தோட காலி பண்ணிட்டுப் போயிடுச்சு."

அவர் குத்திக்காட்டத்தான் சொன்னார். ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "சரி, எங்க போயிடும், ஆத்துலதானே இருக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே துடுப்பை எடுத்தார்.

அன்று மாலை அண்ணி பின்கட்டுப் படியில் நீல வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அலச ஒன்றும் இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அவருக்கும் அது தெரியும்.

"வராதீங்கன்னு எழுத வேண்டிய எடத்துல வாங்கன்னு எழுதிட்டேன்," என்றார். "அவங்க வாசல்லயே தெளிவா எழுதி வச்சிருந்தாங்க, யாரும் வராதீங்கன்னு. தினமும் அதை அள்ளிட்டு வந்து லென்ஸ்ல பார்த்தவ நான்."

அழவில்லை. எழுந்து போய் அம்மாவிடம் பழைய கத்தி ஒன்று வேண்டும் என்று கேட்டார். அம்மா கத்தியையும் கொடுத்து, ஒரு வாளித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, "நானும் வரேன். நீ ஒருத்தியா சுரண்டினா விடிஞ்சிடும்," என்று கிளம்பிவிட்டாள்.

ஒட்டுவதற்கு ஒரு வாரம் ஆனது. பிய்ப்பதற்கு அதைவிடச் சிரமப்பட்டோம். பசையால் வந்த சிரமம் இல்லை, ஊரால் வந்தது. "அழகா இருக்கே மேடம், இருந்துட்டுப் போகட்டும்," என்று முடிதிருத்துபவர் கண்ணாடிக்குக் குறுக்கே நின்றுகொண்டார். அண்ணி அவருக்கு நடந்ததைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, படத்தை வைத்துக்கொண்டு கீழே இருந்த வாசகத்தை மட்டும் கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டிக் கொடுத்தார். பேக்கரிக்காரரும் அப்படியே செய்தார். பஸ் நிறுத்தத்தில் அம்மா சுரண்டிக்கொண்டிருந்தபோது யாரோ, "ஏன்மா நல்ல போஸ்டர கிழிக்கறீங்க?" என்று சண்டைக்கு வந்தார்கள். "எழுதினவளோட மாமியார் நான். எனக்கு உரிமை இருக்கு," என்றாள் அம்மா.

இயக்குநருக்குத்தான் வருத்தம். "கூட்டம் வந்ததே, அதுதானே வெற்றி?" என்றாராம்.

"யாரைப் பார்க்க வந்தாங்களோ அவங்க இல்லியே சார்," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் அண்ணி.

வாசகம் போனாலும் வந்து பழகியவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பாதையில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லித் திருப்பி அனுப்ப அண்ணி ஒருத்தரால் முடியுமா? அந்த ஞாயிறு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஆற்றுக்கு இறங்கும் பாதையை மறித்து இரண்டு மரங்களுக்கு நடுவே பழைய வலைகள் கட்டியிருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாவற்றிலும் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை. பக்கத்தில் வலைக்காரர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களா அண்ணே கட்டினீங்க?"

"பின்ன? வலைய தூக்கினா மீனுக்குப் பதிலா பிஸ்கட் கவர் வருது. இவங்களுக்கு அதுங்களே தேவல. அதுங்க குப்பை போட்டதில்ல."

"இதெல்லாம் அவங்க கிழிச்ச வலைதானே?"

"ஆமா. கிழிச்சவங்க வீட்டுக்கே திரைச்சீலை," என்றார். வாயில் சிரிப்பு வரவிடாமல் பீடியால் அடைத்துக்கொண்டார்.

வலை இருந்ததால் பெரும்பாலானவர்கள் திரும்பினார்கள். ஆனால் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். அது அண்ணிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆசைப்பட்டு வந்தவர்களை வெறும் கையோடு அனுப்பினால் நாளைக்கு அவர்கள் மறந்துவிடுவார்கள். மறந்துவிட்டால் பழையபடி கீரி, எலி, முதலைக்குட்டி. பார்க்காமலே பிடித்துப்போக ஒரு வழி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தார்.

மையத்தின் கூடத்தில் ஆமை ஓட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு நீள மேஜை போட்டார்கள். அதன் மேல் கண்ணாடிக் கிண்ணங்கள், லென்ஸுகள், இடுக்கிகள், வடிகட்டிகள். சுவரில், "நேற்று இவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? கண்டுபிடியுங்கள்!" உறைந்திருந்த சாம்பிளில் ஆராய்ச்சிக்குப் போக மிஞ்சியதை எல்லாம் அண்ணி அங்கே கொண்டுபோய்விட்டார். ஆட்கள் போதவில்லை என்று அம்மாவையும் கூப்பிட்டார். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் நின்றாள்.

"மூக்க மூடாதீங்க. மோந்து பாருங்க, ஒண்ணும் ஆகாது. நாங்க இதை வீட்டு ஃப்ரீசர்ல வச்சிருந்தோம். எங்க வீட்டுக்காரர் அந்த ஐஸ்ல ஜூஸே குடிச்சாரு. கல்லு மாதிரி இருக்காரு இன்னும். இந்தாம்மா, செதில் தெரியுதா? நல்லா பாரு. மோதிரம் மோதிரமா கோடு இருக்குல்ல? அதுதான் மீனோட வயசு."

பிள்ளைகள் மேஜையை விட்டு நகர மறுத்தார்கள். பெரியவர்கள் முதலில் முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு லென்ஸுக்கு வரிசையில் நின்றார்கள். இதில் எங்கள் யாருக்கும் தோன்றாத நன்மை ஒன்றும் விளைந்தது. ஒருமுறை மோந்து பார்த்தவர்கள் யாரும் அபார்ட்மெண்டில் குட்டி வளர்க்க வேண்டும் என்று போன் செய்யவில்லை.

கூடம் நிறைந்தது. பாறை காலியாகத்தான் இருந்தது. அண்ணி தினமும் காலையில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நாங்கள் கேட்க மாட்டோம். அவர் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே தெரிந்துவிடும். மழைக்காலம் வந்தது, ஆறு கலங்கி ஏறி, தெளிந்து இறங்கியது. ஃப்ரீசரின் கீழ்த் தட்டில் டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அம்மா அதில் தன் பொருள் எதையும் வைக்கவில்லை. "இருக்கட்டும், வேண்டியிருக்கும்," என்பாள்.

ஒரு காலையில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பெரிய சத்தம். வலைக்காரர் தோளில் ஒரு வலையைப் போட்டுக்கொண்டு நின்றார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க மேடம்? மேடத்தக் கூப்பிடுங்க!"

அண்ணி டம்ளரோடு வெளியே வந்தார்.

"இதுக்கு ஒரு நியாயம் சொல்லுங்க. புது வலை! போன வாரம்தான் எறக்கினேன். பாருங்க இந்த ஓட்டைய. ஒண்ணா ரெண்டா? மொத்தக் குடும்பமும் வந்து பந்தி போட்டு சாப்பிட்டுப் போயிருக்கு!"

அண்ணி வலையைக் கையில் வாங்கி, ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஓரமெல்லாம் பல் பட்டுப் பிசிறு பிசிறாக இருந்தது. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் வயிறு எரிஞ்சு பேசறேன், நீங்க சிரிக்கறீங்களே மேடம்!"

"மன்னிச்சுக்குங்க அண்ணே. எங்க? வளைவுலயா?"

"வளைவுலதான். பாறை மேலயும் வச்சிட்டுப் போயிருக்கு, போய் பொறுக்குங்க. உங்களுக்குன்னே விட்டு வச்சிருக்கேன், நான் கழுவல."

"வாங்க உள்ள, டீ குடிச்சிட்டுப் போங்க," என்றாள் அம்மா. அவர் வலையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். டீயை வாங்கும்போது டம்ளருக்குள் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். ஊருக்கே வடிகட்டிக் கதை தெரியும். அண்ணன் அந்த வலையைத் தைக்கக் கற்றுக்கொண்டது அன்றிலிருந்துதான். மாதத்தில் ஒரு ஞாயிறு அவனும் மையத்துக்காரர்கள் சிலரும் போய் அவர் படகில் உட்கார்ந்து ஓட்டை அடைத்துக் கொடுக்கிறார்கள். அவன் தைத்த இடத்தில்தான் நீர்நாய் சுலபமாகக் கிழிக்கிறது என்பது வலைக்காரரின் இப்போதைய புகார்.

அன்று நானும் அண்ணியுடன் ஆற்றுக்குப் போனேன். பாறையில் அது இருந்தது. கறுப்பாக, பளபளவென்று, செதில்கள் வெயிலில் மின்ன. எதிர்க்கரை வளையின் வாய் புதிதாகத் தோண்டியிருந்தது. அண்ணி மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். பாதியை மட்டும் அள்ளிக்கொண்டு மீதியை அப்படியே விட்டார். "பேர்ப்பலகைய முழுசா கழட்டக்கூடாது," என்றார். நீர்நாய் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. காத்திருக்கவும் இல்லை.

திரும்பும் வழியில், பாதையின் தொடக்கத்தில் கட்டியிருந்த வலைத் திரையின் அருகே அண்ணி நின்றார். வெயிலிலும் மழையிலும் அது இற்றுப்போயிருந்தது. இந்த இடத்தில் நிரந்தரமாகப் பலகை ஒன்று வைக்க மையம் ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வெளியூர்க்காரர்களும் வருவதால் இரண்டு மொழியில் இருக்க வேண்டுமாம்.

"நீ ரெண்டு மொழிலயும் படிச்சவ," என்றார். "அதுவுமில்லாம உனக்குத்தான் கம்மியா பேச வரும். நான் எழுதினா கடைசில வாங்கன்னு வந்துடும். என் கை அப்படி."

நான் சாம்பிள் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் இற்ற வலையின் ஓட்டை வழியாக ஆற்றின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு தூரம் ஆசையா வந்தவங்க இதைப் படிச்சிட்டு இங்கயே நின்னுடணும். கோவிச்சுக்காம திரும்பிப் போகணும். போற வழியெல்லாம் சந்தோஷமா அவங்களப் பத்தியே பேசிக்கிட்டுப் போகணும். அப்படி ஒரு நாலு வரி எனக்கு எழுதித் தரியா?"